பாடிப் போனவர் திரும்பி வந்தாரா?
கபடி வீரர்களை எடைபோடும் முறை பற்றி ஒரு விமர்சனம்

பொங்கல் முடிந்த மறுநாள் இரவு. தருமபுரி மாவட்டம் பென்னாகரம் வட்டத்தில் ஒரு சிற்றூர். கபடிப் போட்டியின் இறுதி ஆட்டம் முடிந்து, சிறந்த ஆட்டக்காரருக்கான கோப்பையும் கொடுத்தாகி விட்டது. கூட்டத்தோடு நடந்து வரும்போது எனக்கு முன்னால் இருவர் பேசிக் கொண்டு போனார்கள்.

"பதினோரு புள்ளி எடுத்தான் மாமா. அவனுக்குக் குடுக்காம வேற யாருக்குக் குடுப்பாங்க?" என்றார் இளைஞர்.

"எடுத்தது பதினொண்ணு, சரி. எத்தன தடவ புடிபட்டான்னு எண்ணினியா மாப்ள?" என்றார் பெரியவர்.

இளைஞர் எண்ணவில்லை. நானும் எண்ணவில்லை. மேடையில் அமர்ந்து கோப்பை கொடுத்தவர்களும் எண்ணியிருக்க மாட்டார்கள். பெரியவரின் கேள்வி எளிய கேள்வி. ஆனால் அதற்குள் ஒரு முழுக் கணக்குப் பாடம் இருக்கிறது. ஊர்ப் போட்டி முதல் கோடிக்கணக்கில் ஏலம் போகும் புரோ கபடி லீக் வரை, வீரர்களை நாம் மதிப்பிடும் முறையில் உள்ள பெருங்குறை ஒன்றையும் அது சுட்டிக் காட்டுகிறது. அந்தக் குறையை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

வரவு மட்டும் எழுதும் கணக்கு

பாலக்கோட்டுச் சந்தைக்குத் தக்காளி கொண்டு வரும் உழவரிடம், "இன்று எத்தனை கூடை விற்றீர்கள்?" என்று மட்டும் கேட்டு, அதை வைத்து அவர் இலாபம் அடைந்தாரா என்று சொல்ல முடியுமா? பறிகூலி எவ்வளவு, வண்டி வாடகை எவ்வளவு, அழுகிப் போனது எவ்வளவு என்றும் கேட்க வேண்டும் அல்லவா? நூறு கூடை விற்றும் கையைச் சுட்டுக் கொண்டவர் உண்டு. நாற்பது கூடை விற்று நல்ல இலாபத்தோடு வீடு திரும்பியவரும் உண்டு.

கபடியில் நாம் கேட்பது கூடைக் கணக்கை மட்டுமே. "அதிகப் புள்ளி எடுத்த ரெய்டர் யார்?" என்ற பட்டியல்தான் தொலைக்காட்சித் திரையில் முதலில் வருகிறது. ஒரே ஆட்டத்தில் பத்து ரெய்டு புள்ளிகள் எடுத்தால் அதற்குச் 'சூப்பர் டென்' என்று தனிப் பெயர். ஒரு வீரர் எத்தனை முறை பிடிபடாமல் திரும்பினார் என்ற விவரமும் பதிவாகவே செய்கிறது. ஆனால் அதை யார் பேசுகிறார்கள்? வர்ணனையாளர் பேசுவதில்லை, ரசிகர்களும் பேசுவதில்லை. பேசப்படாத கணக்கு எழுதப்படாத கணக்கைப் போன்றதுதான்.

இதே தவற்றை வேறொரு நாடு, வேறொரு விளையாட்டில், நெடுங்காலம் செய்து வந்தது. அதை முதலில் பார்த்து விடுவோம்.

தளம் திருடியவர்கள்

அமெரிக்காவின் பேஸ்பால் ஆட்டத்தில் நான்கு தளங்கள் உண்டு. பந்தை அடித்தவர் முதல் தளத்தை அடைந்து, பின் இரண்டாவது, மூன்றாவது தளங்களைக் கடந்து, புறப்பட்ட இடத்திற்கே திரும்பினால் ஓர் ஓட்டம். முதல் தளத்தில் நிற்பவர், பந்து வீசப்படும் கணத்தில் யாரும் அடிப்பதற்குக் காத்திராமல் இரண்டாம் தளத்திற்குப் பாய்ந்து ஓடலாம். இதற்குத் 'தளம் திருடுதல்' என்று பெயர். ஓடி அடைந்து விட்டால் ஒரு தளம் இலாபம். இடையில் பிடிபட்டால் அவரும் வெளியே. அணிக்குரிய மூன்று 'அவுட்'களில் ஒன்றும் போய்விடும்.

நீண்ட காலம் ரசிகர்கள் திருடிய தளங்களை மட்டுமே எண்ணி மகிழ்ந்தார்கள். ஆட்டக் குறிப்புகளைக் கணித முறையில் ஆராய்ந்தவர்கள் ஓர் உண்மையைக் கண்டனர். ஒருமுறை பிடிபடுவதால் ஏற்படும் இழப்பு, ஒரு தளம் திருடுவதால் கிடைக்கும் இலாபத்தைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு! அப்படியானால் மூன்று முயற்சிகளில் இரண்டில் வென்றால்தான் கணக்கு நேராகும். அதற்குக் குறைந்தால் ஓடுவதைவிட நிற்பதே மேல்.

இந்த அளவுகோலால் இரு வீரர்களை அளந்து பாருங்கள். லூ பிராக் என்பவர் தம் விளையாட்டு வாழ்வில் 938 தளங்கள் திருடினார். 307 முறை பிடிபட்டார். டிம் ரெய்ன்ஸ் என்பவர் 808 தளங்கள் திருடினார். 146 முறை பிடிபட்டார். கூடைக் கணக்கில் பிராக் முந்துகிறார். ஆனால் பிடிபட்ட ஒவ்வொன்றுக்கும் இரண்டைக் கழியுங்கள். பிராக்கிற்கு 938-இல் 614 போக, மிச்சம் 324. ரெய்ன்ஸுக்கு 808-இல் 292 போக, மிச்சம் 516. குறைவாகத் திருடியவர்தான் அணிக்கு அதிகம் சேர்த்திருக்கிறார்!

பிராக் 1985-ஆம் ஆண்டு, தகுதி பெற்ற முதல் ஆண்டிலேயே, பேஸ்பால் புகழ்மன்றத்தில் இடம் பெற்றார். ரெய்ன்ஸ் பத்தாவதும் இறுதியுமான வாய்ப்பில், 2017-இல்தான் அங்கே நுழைய முடிந்தது. பிராக்கிற்கு 3,000-க்கு மேற்பட்ட அடிகளின் பெருமையும் இருந்தது. ஆகவே அவருக்குக் கிடைத்த சிறப்பு தகாதது என்பதல்ல என் வாதம். ரெய்ன்ஸின் சிக்கனம் நெடுநாள் கண்ணில் படாமல் போயிற்று என்பதே வாதம்.

இன்னொரு செய்தி. ரிக்கி ஹென்டர்சன் 1982-ஆம் ஆண்டு ஒரே பருவத்தில் 130 தளங்கள் திருடினார். அந்தச் சாதனை இன்றும் நிற்கிறது. அதே பருவத்தில் 42 முறை பிடிபட்டார் என்பதை எத்தனை பேர் சொல்வார்கள்? 84-ஐக் கழித்தால் மிச்சம் 46 தளங்கள்; அவற்றின் மதிப்பு ஒரு பருவம் முழுவதற்கும் ஏறத்தாழ 10 ஓட்டங்களே. இது குறைவென்று சொல்ல முடியாது. ஆனால் 130 என்ற எண் எழுப்பும் ஆரவாரத்திற்கு ஈடானதும் அன்று.

நம் களத்திற்கு வருவோம்

கபடியில் பாடிப் போகும் ஒவ்வொரு முறையும் ஒரு திருட்டு முயற்சிதான்! நடுக்கோட்டைத் தாண்டி எதிரியின் எல்லைக்குள் போகிறார். எதையாவது எடுத்துக் கொண்டு திரும்ப வேண்டும். அகப்பட்டால் தாமே போய்விடுவார். பேஸ்பாலுக்குச் செய்த கணக்கை இதற்கும் செய்ய முடியுமா? முயன்று பார்ப்போம்.

ஓர் எதிரியைத் தொட்டுத் திரும்பினால் நமக்கு 1 புள்ளி. எதிரணியில் ஓர் ஆள் வெளியே. நாம் பிடிபட்டால் எதிரணிக்கு 1 புள்ளி. நம் அணியில் ஓர் ஆள் வெளியே. புள்ளியின் மதிப்பு நமக்குத் தெரியும். ஆளின் மதிப்பு என்ன? ஓர் அணியின் ஏழு பேரும் வெளியேறினால், அதாவது 'ஆல் அவுட்' ஆனால், எதிரணிக்கு 2 புள்ளிகள் கூடுதலாகக் கிடைக்கின்றன. இரண்டை ஏழால் வகுத்தால் ஓர் ஆளுக்கு ஏறத்தாழ 0.3 புள்ளி. ஆள் குறைந்த அணியின் தடுமாற்றத்தை இதில் சேர்க்கவில்லை. வெளியேறிய ஆள் மீண்டும் உள்ளே வருவதையும் சேர்க்கவில்லை. முதல் கணக்கு எளிமையாக இருக்கட்டும்.

ஆகவே தொட்டுத் திரும்பினால் இலாபம் 1.3. பிடிபட்டால் இழப்பும் 1.3. இரண்டும் சமமாதலால், முயற்சிகளில் பாதிக்கு மேல் வென்றால் இலாபம்.

இனிப் போனஸ் கோட்டைப் பாருங்கள். எதிரணியில் ஆறு அல்லது ஏழு பேர் நிற்கும்போதுதான் போனஸ் உண்டு. அந்தக் கோட்டைக் கடந்து கால் பதித்தால் 1 புள்ளி. ஆனால் எதிரணியில் யாரும் வெளியேறுவதில்லை. நம் அணியில் யாரும் மீண்டு உள்ளே வருவதுமில்லை. அதனால் இலாபம் 1 மட்டுமே; அகப்பட்டால் இழப்பு 1.3. கணக்கு நேராவதற்கு ஏறத்தாழ 57 சதவீத வெற்றி வேண்டும்.

எதிரணியில் மூன்று பேரோ அதற்குக் குறைவாகவோ இருக்கும்போது? அப்போது நம்மைப் பிடித்தால் அது 'சூப்பர் டேக்கிள்'. எதிரணிக்கு 2 புள்ளிகள். இழப்பு 2.3, ஒருவரைத் தொட்டால் இலாபம் 1.3. இப்போது தேவைப்படும் வெற்றி ஏறத்தாழ 64 சதவீதம். பேஸ்பாலின் மூன்றில் இரண்டுக்கு அருகில் வந்து விட்டோம்! கூட்டம் மிக உரக்கக் கத்துவது இந்த நேரத்தில்தான்: "மூணு பேருதான் நிக்கறாங்க, அடி!" எதிரணி ஆல் அவுட் ஆகும் தறுவாயில் ஒவ்வோர் ஆளின் மதிப்பும் கூடும் என்பது உண்மையே. எனினும் மூவர் நிற்கும் களம் எளிய களம் அன்று என்பதை இந்த எண் நினைவூட்டுகிறது.

ஒரே வீரர், ஒரே விதமான ஓட்டம், ஒரே 1 புள்ளி. ஆனால் எதை எதிர்பார்த்து எதைப் பணயம் வைத்தார் என்பது இடத்துக்கு இடம் மாறுகிறது. இந்த வேறுபாடு எதையும் மொத்தப் புள்ளிப் பட்டியல் அறியாது.

பதினொன்று பெரிதா, ஏழு பெரிதா?

இப்போது ஒரு கற்பனைக் கணக்கு. இரண்டு வீரர்கள், இருவரும் ஆளுக்கு 20 முறை பாடிச் சென்றார்கள். முதலாமவர் 11 முறை ஒவ்வொருவராகத் தொட்டு வந்தார். 8 முறை பிடிபட்டார். ஒரு முறை வெறுங்கையுடன் திரும்பினார். இரண்டாமவர் 7 முறை தொட்டு வந்தார். 2 முறையே பிடிபட்டார். 11 முறை வெறுங்கையுடன் திரும்பினார். கோப்பை யாருக்கு?

முதலாமவர் 11 ஈட்டி 8 இழந்தார், மிச்சம் 3. ஆள் மதிப்பையும் சேர்த்தால் 3.9. இரண்டாமவர் 7 ஈட்டி 2 இழந்தார், மிச்சம் 5. ஆள் மதிப்பையும் சேர்த்தால் 6.5. பெரியவரின் கேள்வி வென்றது. கோப்பை இரண்டாமவருக்கே என்று தோன்றுகிறது அல்லவா?

சற்றுப் பொறுங்கள். வெறுங்கையுடன் திரும்பிய அந்த 11 முறையை நாம் செலவில்லாதது என்று எடுத்துக் கொண்டோம். அது சரியா? இன்றைய லீக் விதிப்படி ஓர் அணி தொடர்ந்து இரண்டு முறை வெறுங்கையுடன் திரும்பினால், மூன்றாவதாகப் பாடுபவர் புள்ளி எடுத்தே தீர வேண்டும். எடுக்காவிட்டால் அவர் வெளியே. 'வாழ்வா சாவா' ரெய்டு என்பது இதுதான். ஆக, இரண்டாமவரின் நிதானத்திற்கு விலை கொடுப்பவர் அவருடைய தோழர்!

அந்த விலையையும் எழுதுவோம். மூன்றாவதாகப் போகும் தோழர் பத்துக்கு நான்கு முறை வெல்கிறார் என்று வைத்துக் கொள்வோம். அவருடைய சராசரி விளைவு 0.4 × 1.3-இலிருந்து 0.6 × 1.3-ஐக் கழித்தது, அதாவது 0.26 இழப்பு. இரண்டு வெறுங்கைகள் சேர்ந்து இந்த நிலையை உண்டாக்குவதால் ஒவ்வொரு வெறுங்கைக்கும் பாதி, 0.13. எல்லா வெறுங்கைகளும் இப்படியே இரண்டிரண்டாகச் சேர்ந்தன என்று கடுமையாகவே கொண்டால், இரண்டாமவர் கணக்கில் 1.43 குறைந்து 5.07 ஆகிறது. முதலாமவர் கணக்கில் 0.13 குறைந்து 3.77 ஆகிறது. இரண்டாமவர் இன்னும் முன்னேதான் இருக்கிறார். ஆனால் 2.6-ஆக இருந்த இடைவெளி 1.3-ஆகி விட்டது. சரி பாதி!

இங்கே ஒரு பாடம் இருக்கிறது. முதற் கணக்கைவிட இரண்டாம் கணக்கு மேலானது. இரண்டாம் கணக்கைவிட மூன்றாம் கணக்கு மேலானது. ஆனால் எதுவும் முடிந்த முடிபன்று. வரவை மட்டும் எண்ணியவரைக் குறை சொன்ன நாம், கண்ணுக்குத் தெரியாத செலவு ஒன்றை நாமே விட்டுவிட்டோம். அறிவியலின் இயல்பே இதுதான்.

இன்னும் ஒருவர் மிச்சம் இருக்கிறார்: வாழ்வா சாவா என்ற நிலையில் போகும் அந்த மூன்றாமவர். அவர் பத்துக்கு மூன்று முறைதான் வெல்கிறார் என்றே வைத்துக் கொள்ளுங்கள். வெற்றிச் சதவீதப் பட்டியலில் அவர் அடிமட்டத்தில் இருப்பார். ஆனால் சும்மா நின்றால் நிச்சயமாக 1.3 இழப்பு. அவர் முயல்வதால் சராசரி இழப்பு 0.52-ஆகச் சுருங்குகிறது. ஒவ்வொரு முறையும் 0.78 புள்ளியை அணிக்குக் காப்பாற்றித் தருகிறார். மொத்தப் புள்ளியும் இவருக்கு நீதி வழங்காது. வெற்றிச் சதவீதமும் வழங்காது. எந்த நிலையில் அனுப்பப்பட்டார் என்பதைச் சேர்த்துப் பார்த்தால்தான் அவர் மதிப்பு விளங்கும்.

ஏலத்தில் பேசிய எண்கள்

இனி உண்மைக் களத்திலிருந்து சில செய்திகள். புரோ கபடி லீக் 2014-இல் தொடங்கியது. தமிழ் தலைவாஸ் அணி 2017-இல் அதில் சேர்ந்தது. அந்த முதற் பருவத்திலேயே அதன் தலைவர் அஜய் தாக்கூர் 200-க்கும் மேற்பட்ட ரெய்டு புள்ளிகள் எடுத்தார். அணியோ தன் பிரிவில் கடைசி இடம் பெற்றது.

2022 ஆகஸ்டில் நடந்த ஏலத்தில் தலைவாஸ் அணி பவன் செராவத்தை 2.26 கோடி ரூபாய்க்கு வாங்கியது. ஓர் அணி வீரர்களுக்கெனச் செலவிடக் கூடிய மொத்தத் தொகை அப்போது 4.4 கோடி. பாதிக்கு மேல் ஒரே ஆளுக்கு! அக்டோபரில் தன் முதல் ஆட்டத்திலேயே அவர் முழங்காலில் காயமுற்றார். அந்தப் பருவம் முழுவதும் ஆடவில்லை. "தலைவாஸ் கதை முடிந்தது" என்றுதான் எல்லோரும் நினைத்திருப்போம். நடந்தது வேறு. புதுமுகமான நரேந்தரும் மற்ற இளைஞர்களும் பிடி ஆட்டக்காரர்களும் சேர்ந்து, அணியை அதன் வரலாற்றில் முதன்முறையாக அரையிறுதிக்குக் கொண்டு சென்றனர்.

அடுத்த ஆண்டு தெலுகு டைட்டன்ஸ் அணி பவனை 2.605 கோடிக்கு வாங்கியது. மொத்தத் தொகை 5 கோடி. அவர் நன்றாகவே ஆடினார். அந்தப் பருவத்தில் டைட்டன்ஸ் பட்டியலில் கடைசி.

இதிலிருந்து பவன் திறமையற்றவர் என்று முடிவு கட்டினால், நாம் கண்டிக்கும் தவற்றையே நாமும் செய்தவர்களாவோம். அவர் தலைசிறந்த ஆட்டக்காரர். ஓர் ஆட்டத்தில் 39 புள்ளிகள் எடுத்தவர். இரண்டு மூன்று நிகழ்ச்சிகளைக் கொண்டு எதையும் நிறுவிவிட முடியாது. ஆனால் ஒரு கேள்வி கேட்கலாம். ஒருவரின் மதிப்புக்கும் அவர் விலைக்கும் இடையே உள்ள தொடர்பை ஏலக்காரர்கள் எதைக் கொண்டு கணித்தார்கள்? ஏழு பேர் ஆடும் ஆட்டத்தில் ஒருவருக்குப் பாதிப் பணம் என்றால், மீதிப் பாதியில் பிடி ஆட்டத்திற்கு என்ன மிஞ்சும்?

பிடி ஆட்டம் என்றதும் தஞ்சை மண்ணின் தர்மராஜ் சேரலாதன் நினைவுக்கு வருகிறார். நாற்பது வயதைக் கடந்த பின்னும் களத்தில் நின்றவர். 2016-இல் உலகக் கோப்பை வென்ற இந்திய அணியில் இடம் பெற்றவர். மூலையில் நிற்கும் அனுபவசாலி ஒருவருக்கு அஞ்சி எதிரணி ரெய்டர் அந்தப் பக்கமே போகாமல் திரும்பினால், அதற்கு எந்தப் பட்டியலில் புள்ளி எழுதுகிறோம்? வராத ஆளைப் பிடித்ததாக யாரும் எழுதுவதில்லை. ஆனால் அவர் வராமற் செய்ததும் ஆட்டம்தானே?

எண்களுக்கும் ஓர் எச்சரிக்கை

எண்களைப் போற்றுவோரும் இதே குழியில் விழுவதுண்டு. 2003-இல் வெளிவந்து புகழ் பெற்ற 'மணிபால்' என்ற நூல், குறைந்த பணத்தில் புள்ளிவிவரங்களின் துணைகொண்டு 2002-இல் 103 ஆட்டங்களை வென்ற ஓக்லண்ட் அணியின் கதையைச் சொல்கிறது. படிக்கச் சுவையான நூல்; தளம் திருடுவதை அந்த அணி ஏன் வெறுத்தது என்பதையும் விளக்குகிறது. ஆனால் அதே அணியில் அந்த ஆண்டின் சிறந்த பந்து வீச்சாளர் விருது பெற்ற பாரி ஜீட்டோவும் இருந்தார். அவரைப் போன்றோரின் பங்குக்கு நூல் உரிய இடம் தரவில்லை என்ற குறை நியாயமானதே.

விதிகள் மாறினால் எண்களும் மாறும். 2023-இல் அமெரிக்க லீக் தளங்களின் அளவைப் பெரிதாக்கி, ஓடுபவரை மிரட்ட எறியும் எறிதல்களையும் கட்டுப்படுத்தியது. முந்தைய ஆண்டில் 2,486-ஆக இருந்த தளத் திருட்டு 3,503-ஆக உயர்ந்தது. நேற்று வீண் என்று ஒதுக்கப்பட்ட ஓட்டம் இன்று இலாபமாயிற்று. நம் ஊர்ச் சடுகுடுவில் வெறுங்கையுடன் திரும்புவதற்குத் தண்டனை இருந்ததில்லை. அந்த ஆட்டத்தில் பழகிய கண்ணுக்கு இன்றைய வாழ்வா சாவா ரெய்டின் அருமை உடனே புலப்படாததில் வியப்பில்லை.

உங்கள் நோட்டுப் புத்தகத்தில்

இதெல்லாம் வெறும் பொழுதுபோக்கு வாதம் என்று எண்ணாதீர்கள். அரூரிலும் காரிமங்கலத்திலும் பாப்பிரெட்டிப்பட்டியிலும் கபடியையே நம்பி ஓடுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். மாவட்ட அணியில் இடம் கிடைத்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரிக்கும் வேலைக்கும் வழி பிறக்கும். தேர்வாளர் கையில் இருப்பது கூடைக் கணக்கு மட்டும் என்றால், ஆரவாரமாக ஆடி எட்டு முறை பிடிபட்டவர் உள்ளே போவார். அமைதியாக ஆடி அணியை நிறுத்தியவர் ஊர் திரும்புவார். தவறான அளவுகோலுக்கு ஓர் இளைஞரின் எதிர்காலம் விலையாகிறது.

ஆகவே, மாணவ நண்பர்களே, அடுத்த போட்டிக்குப் போகும்போது ஒரு நோட்டும் பென்சிலும் கொண்டு போங்கள். ஒவ்வொரு ரெய்டருக்கும் ஐந்து கட்டங்கள் போடுங்கள்: தொட்டு எடுத்த புள்ளி, போனஸ், பிடிபட்டது, வெறுங்கை, வாழ்வா சாவா என்ற நிலையில் சென்றது. எதிரே எத்தனை பேர் நின்றார்கள் என்பதையும் ஓரத்தில் குறியுங்கள். ஓர் ஆட்டத்தைக் கொண்டு முடிவு கட்டாதீர்கள். பத்து ஆட்டங்களாவது சேர்ந்த பின் கூட்டிக் கழித்துப் பாருங்கள். ஆளுக்கு நான் வைத்த 0.3 என்ற மதிப்பு சரிதானா என்பதையும் உங்கள் குறிப்புகளே சொல்லும். தவறென்றால் திருத்துங்கள்.

பென்னாகரம் சாலையில் அன்றிரவு அந்தப் பெரியவர் கேட்ட கேள்விக்கு விடை கிடைக்கவில்லை. யாரும் எண்ணி வைக்காததால் இனியும் கிடைக்காது. கோப்பை பெற்ற இளைஞர் அதற்குத் தகுதியானவராகவே இருந்திருக்கலாம். அதைக்கூட நாம் உறுதியாகச் சொல்ல முடியாமல் போயிற்று என்பதுதான் வருத்தம். அடுத்த பொங்கலுக்குள் ஊருக்கு ஒருவராவது எண்ணத் தொடங்கட்டும்.